துவாரகன் அண்ணாவும் குளியாமல் ஆடிய போட்டியும்

செய்தி வந்தபோது என் அண்ணா சாரங்கன் கிணற்றடியில் தண்ணீர் மோட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார். தொலைபேசியை நான்தான் எடுத்தேன். அவருடைய அணியின் உதவித் தலைவர் பேசினார். "தங்கச்சி, கொண்ணையிட்டைக் குடுங்கோ" என்றார். குரல் சரியில்லை. அண்ணா ஈரக் கையை உடுப்பில் துடைத்துவிட்டு வாங்கிக் காதில் வைத்தார். "நேற்று பிளேட்லெட் கூடுது எண்டுதானே சொன்னவை?" என்று மட்டும் கேட்டார். மோட்டர் தானாக வேலை செய்யத் தொடங்கித் தண்ணீர் வாய்க்காலைத் தாண்டி முற்றத்துக்கு வந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

அண்ணாவின் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்தாட்ட அணியின் தலைவர் துவாரகன், டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனார்.

பெரியப்பா வந்து மோட்டரை நிறுத்தினார். அவருடைய வீடும் எங்களுடைய வளவுக்குள்தான் இருக்கிறது. அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் எது நடக்கலாம், எது நடக்கக்கூடாது என்று சொல்பவர் அவர்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நான் அண்டைக்கே சொன்னனான். துடக்கோடை விளையாடினால் ஆரையாவது கொண்டுபோகும் எண்டு" என்றார்.

அந்த வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முப்பத்தோராம் நாள் கொடுக்கப்போகும் நினைவு மலருக்கு அணியினர் கட்டுரைகள் சேர்க்கிறார்கள். ஒழுக்கமானவர், பண்பானவர், சிறந்த வீரர் என்று பலரும் எழுதியிருப்பார்கள். அவை பொய்யல்ல. ஆனால் மாகாண இறுதிப் போட்டியைப் பற்றி ஒருவரும் எழுத வேண்டாம் என்று பழைய மாணவர் சங்கத் தலைவர் கேட்டுக்கொண்டாராம். எழுதாமல் விட்டால் ஊரில் ஓடுகிற கதைதான் மிஞ்சும். துவாரகன் சாவுத் தீட்டான துடக்கை மதிக்காதவன், அதனால்தான் போனான் என்பது அந்தக் கதை. என் அண்ணா அதை நம்பிவிட்டார். அது அப்பா இறந்ததால் வந்த தன்னுடைய துடக்கு, அதற்குத் தன் நண்பன் பலியானான் என்று நினைக்கிறார். செத்த வீட்டுக்குப் போனவர் பாடையில் கை வைக்கவில்லை. மதிலோரமாக நின்றுவிட்டு வந்தார். விளையாட்டு உடுப்பை மடித்துப் பயிற்றுநரிடம் கொடுத்துவிட்டார். மழையால் தள்ளிப்போன தேசியப் போட்டி இந்தச் சனிக்கிழமை கொழும்பில் நடக்கிறது. அவர் போகமாட்டேன் என்கிறார்.

நான் எழுதக்கூடாது என்பது பெரியப்பாவின் கட்டளை. ஆகவே எல்லோரும் படுத்த பிறகு எழுதுகிறேன். அவர் வீட்டில் வெளிச்சம் தெரிந்தால் என் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று நடந்ததை எங்கள் வீட்டுக்குள்ளிருந்து பார்த்தவர்கள் மூன்று பேர். பெரியப்பா எழுதமாட்டார், அம்மாவுக்கு எழுத மனம் வராது. மூன்றாவது ஆள் நான்.

துவாரகன் அண்ணா எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்தது என்னுடைய பழைய சைக்கிளைக் கேட்டு. அதன் காரணத்தை அணிக்கு வெளியே அதிகம் பேர் அறியமாட்டார்கள். கல்லூரியின் கூடைப்பந்துத் திடல் வெடித்துக் கிடந்தது. வெளிநாட்டிலிருந்த பழைய மாணவர்களின் உதவியோடு அதைத் திருத்தினார்கள். பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே புதிய கொங்கிறீற் போட்டு, பெயர்க்கல் பதித்து, நாடா வெட்டித் திறந்தார்கள். கம்பங்களையும் உயர்த்த வேண்டும் என்ற நினைப்பு ஒருவருக்கும் வரவில்லை. தரை ஏறியது, வளையம் நின்ற இடத்திலேயே நின்றது. அந்தத் தாழ்ந்த வளையத்தில் பழகிய எங்கள் அணி வெளியே போய் எறிந்த பந்தெல்லாம் முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது. பருவத்தின் தொடக்கத்தில் வரிசையாகத் தோல்வி. பெடியளுக்குச் சத்துக் காணாது என்று சங்கத்தில் தீர்மானித்து, பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு இரண்டு அவித்த முட்டை கொடுக்கத் தொடங்கினார்கள்.

துவாரகன் அண்ணாதான் கண்டுபிடித்தார். என் அண்ணாதான் அணியில் உயரமானவர். அவரைப் பார்த்து, "மச்சான், எங்கடை இடத்திலை எம்பினால் நீ வளையத்தைப் பிடிக்கிறாய். மற்ற இடத்திலை பிடிக்கிறாயில்லை. பஸ்ஸிலை போகேக்கை கட்டையாப் போறியோ?" என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருவர் ஓடிப்போய் அளவுநாடா கொண்டுவந்தார்.

சங்கத் தலைவரிடம் சொன்னபோது அவர் சம்மதிக்கவில்லை. திறப்புவிழா செய்த திடல் பிழை என்று வெளியே தெரிந்தால் மரியாதை என்னாவது என்று கேட்டார். "சரி ஐயா" என்று சொல்லிவிட்டு, அன்று பின்னேரமே துவாரகன் அண்ணா எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"தங்கச்சி, உங்கடை சின்னச் சைக்கிள் ஒண்டு கிடக்கெண்டு இவன் சொன்னவன். இப்பவும் ஓடுறியளோ?"

"இல்லை. டயர் போட்டுது. எனக்கும் கால் நீண்டிட்டுது."

"அப்ப முன் றிம்மைக் கழட்டட்டோ? கம்பியெல்லாம் பிடுங்குவன். பிறகு திருப்பிக் கேட்டு அழக்கூடாது."

நான் அழவில்லை. றிம் கழற்றும் சாவியைத் தேடிக் கொடுத்தேன். அந்த றிம்மைக் கட்டுக்கம்பியால் வளையத்துக்கு மேலே, சரியான உயரத்தில் கட்டினார்கள். அது வளையத்தைவிடச் சிறியது. முதல் நாள் ஒருவருக்கும் பந்து உள்ளே போகவில்லை. "உதுக்குள்ளை தேங்காய்தான் போகும்" என்று ஒருவர் எரிந்து விழ, "அப்ப தேங்காயெண்டு நினைச்சு எறி" என்றார் துவாரகன் அண்ணா. சில கிழமைகளில் தேங்காயும் போயிருக்கும், அந்தளவுக்குக் குறி வந்துவிட்டது. அதற்குப் பிறகு வெளியூர் வளையங்கள் தங்களுக்குக் கிணறு மாதிரித் தெரிந்தன என்று அண்ணா சொன்னார். வலய மட்டத்தில் வென்றார்கள். மாகாண மட்டத்தில் ஒவ்வோர் அணியாக வென்றார்கள். முட்டை கொடுத்தது நல்ல பலன் தந்திருக்கிறது என்று சங்கத் தலைவர் கூட்டத்தில் பேசினார். துவாரகன் அண்ணா எழுந்து நின்று முதலில் கைதட்டினாராம்.

"பிழையெண்டு அவையின்ரை வாயாலை சொல்ல வைக்கப் பாத்தால் வருசம் போயிடும். நாங்கள் விளையாடுவம்" என்பது அவர் அடிக்கடி சொன்னது.

அவருடைய தந்தையார் அளவெட்டியில் பேர்பெற்ற தவில் வித்துவான். மகனுக்குத் தாளம் கொஞ்சமும் வராது. ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவரே அதைச் சொன்னார். "அப்பா என்னைத் தவிலுக்கு முன்னாலை இருத்தினவர். ஒரு கிழமை பொறுத்தார். பிறகு தவிலைத் தூக்கி உள்ளை வைச்சிட்டார். உதுவும் ஒரு சீவன் பாவம் எண்டு." எங்கள் அப்பாவுக்குப் புரையேறியது. அவ்வளவு சிரித்தார். மாகாண இறுதிப் போட்டிக்குத் தானும் வந்து பார்ப்பேன் என்று அன்றைக்குத்தான் அப்பா வாக்குக் கொடுத்தார். "தோத்தால் உங்களை ஏத்திக்கொண்டு வரமாட்டன், நடந்துதான் வர வேணும்" என்றும் சொன்னார்.

அப்பா வரவில்லை. இறுதிப் போட்டி நெருங்கிய கிழமையில் ஒரு காலை, வெங்காயத் தோட்டத்துத் தறையிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து விறாந்தையில் இருந்தார். அம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் அண்ணா தலை மழித்துக் கொள்ளி வைத்தார். சாம்பல் எடுக்கும் காடாத்து நடந்த மறுநாள் இறுதிப் போட்டி.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் இருக்கிறது. இறுதிப் போட்டி என்றால் வீரர்களின் புதிய உடுப்புகளைத் தாம்பாளத்தில் அடுக்கிப் பிள்ளையார் கோயிலில் வைத்துப் பூசை செய்வார்கள். திடலில் வைத்துச் சங்கத் தலைவர் ஒவ்வொருவருக்கும் தன் கையால் எடுத்துக் கொடுப்பார். சாவு விழுந்த வீட்டாருக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அவர்கள் கோயிலுக்குப் போகக்கூடாது, கோயிலிலிருந்து வரும் எதையும் தொடக்கூடாது. ஆகவே சாரங்கனுக்கு உடுப்பில்லை, வேறொருவர் விளையாடட்டும் என்று சங்கத் தலைவர் சொல்லி அனுப்பினார்.

துவாரகன் அண்ணா அந்தச் செய்தியோடு மாலையில் வந்தார். அவர் அதை நியாயப்படுத்தவும் இல்லை, திட்டவும் இல்லை. என் அண்ணாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

"மச்சான், நீ விளையாட விரும்புறியோ இல்லையோ, அதை மட்டும் சொல்லு. மிச்சத்தை விடு."

அண்ணா மழித்த தலையைத் தடவினார். பிறகு, "அப்பா வாறனெண்டவர்" என்றார்.

"அதை ஓம் எண்டு எடுக்கிறன்."

பெரியப்பா கேட்டுக்கொண்டு நின்றார். "கொள்ளி வைச்ச கை காயேல்லை. அதுக்குள்ளை பந்து கேக்குதோ? ஊர் காறித் துப்பும்" என்றார். அம்மா அறைக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். இறுதிக் கிரியைக்குப் பிறகு அவர் ஒருவரோடும் சரியாகக் கதைத்ததில்லை. அங்கிருந்தபடியே, "இவர் இருந்திருந்தால் தானே ஏத்திக்கொண்டு போயிருப்பார். போகட்டும்" என்றார். பெரியப்பா துவாரகன் அண்ணாவைப் பார்த்து, "உடுப்பில்லாமல் எப்பிடி விளையாடுவியள் பாப்பம்" என்றார்.

மறுநாள் விடியற்காலையில் படலை திறந்த சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். முழு அணியும் வந்து நின்றது. ஆளுக்கொரு பையோடு, தலை வாரி, விளையாடப் போகும் கோலத்தில் நின்றார்கள். துவாரகன் அண்ணா குசினி வாசலுக்கு வந்தார்.

"அன்ரி, எல்லாருக்கும் பசிக்குது. சாப்பாடு தருவியளோ?"

அம்மா எழுந்து வந்தார். அத்தனை நாளுக்குப் பிறகு அவர் எழுந்து குசினிக்குள் வந்தது அப்போதுதான். சின்னம்மா தன் வீட்டிலிருந்து அனுப்பியிருந்த இடியப்பம் போதவில்லை. அம்மாவே மா குழைத்து இன்னும் அவித்தார். நான் சொதியும் சம்பலும் பரிமாறினேன். பெரியப்பா பல்லுத் தீட்டிக்கொண்டு வந்தவர் இதைப் பார்த்துவிட்டார்.

"தம்பிமார், இது செத்த வீடு. இஞ்சை சாப்பிட்டால் தலை முழுகிப்போட்டுத்தான் வெளிக்கிட வேணும். தெரியுமோ?"

"தெரியும் ஐயா. அதுக்குத்தான் வந்தனாங்கள்" என்றார் துவாரகன் அண்ணா.

பெரியப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது வாயிலிருந்த பற்பசையைத் துப்பவும் மறந்து நின்றார். "கிணத்தடியிலை வாளி இருக்கு" என்று அம்மா வழக்கம்போலச் சொன்னார். "இண்டைக்கு மட்டும் குளிக்கமாட்டம் அன்ரி" என்றார் துவாரகன் அண்ணா. அவர்கள் கைகழுவிவிட்டு, என் அண்ணாவை நடுவில் விட்டு, அப்படியே வெளியே போனார்கள்.

போட்டிக்கு முன் திடலில் நடந்ததை அண்ணாவும் மற்றவர்களும் சொல்லித்தான் அறிவேன். சங்கத் தலைவர் சந்தனம் தெளித்த உடுப்புகளோடு தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு நின்றார். வீரர்கள் வரிசையாக நின்றார்கள். துவாரகன் அண்ணா முன்னால் வந்து, "ஐயா, நாங்கள் எல்லாரும் செத்த வீட்டிலை சாப்பிட்டிட்டுக் குளியாமல் வந்து நிக்கிறம். ஒருத்தருக்குக் குடுக்கேலாதெண்டால் ஒருத்தருக்கும் குடுக்கேலாது. இனி நீங்கள் சொல்லுங்கோ" என்றாராம்.

"உங்களுக்கென்ன விசர் பிடிச்சிட்டுதோ?"

"ஓம் ஐயா. பன்னிரண்டு பேருக்கும்."

சங்கத் தலைவர் தாம்பாளத்தைக் கீழே வைக்கவும் முடியாமல், கொடுக்கவும் முடியாமல் நின்றார். நடுவர் விசில் ஊதிவிட்டார். பயிற்றுநர் வானத்தைப் பார்த்துக்கொண்டு, "போன வருசத்து உடுப்பு நாங்கள் வந்த வானுக்கை கிடக்கு" என்று பொதுவாகச் சொன்னார். வெளிறிய, கமக்கட்டில் தையல் விட்ட அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் அவர்கள் இறங்கினார்கள்.

போட்டியை நானும் அம்மாவும் பார்த்தோம். துவாரகன் அண்ணா தன் தொலைபேசியில் எங்களுக்கு வீடியோ அழைப்பு எடுத்து, தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து, வீரர்கள் இருக்கும் வாங்கில் வைத்திருந்தார். படம் பாதி சரிவாகத் தெரிந்தது. அண்ணாவின் மழித்த தலை வெயிலில் பளபளத்தது. எதிரணியின் ஆதரவாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "மொட்டை! மொட்டை!" என்று தாளம் போட்டுக் கத்தினார்கள். ஏன் மொட்டை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அண்ணா எறிந்த பந்துகள் தவறின. எதிரணி முன்னே போய்விட்டது. அம்மா தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கி, முகத்துக்கு அருகே பிடித்துக்கொண்டார்.

இடைவேளையில் துவாரகன் அண்ணா நேரே அந்தக் கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றார். சண்டை பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் இரண்டு கையையும் தூக்கி, அவர்களோடு சேர்ந்து "மொட்டை" என்று கத்தித் தாளம் போட்டார். அவருக்குத்தான் தாளம் வராதே. அவர் அடித்த அடியில் அவர்களுடைய தாளம் குழம்பியது. ஒரு பக்கம் முந்திப் போனது, மறுபக்கம் பிந்தி வந்தது. கடைசியில் எல்லோருக்கும் சிரிப்பு வந்து கோஷம் கலைந்துவிட்டது. திரும்பி ஓடி வந்தவர் என் அண்ணாவின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அண்ணா சிரித்தது அந்தச் சரிந்த படத்திலும் தெரிந்தது.

அதற்குப் பிறகு வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தெல்லாம் அண்ணாவின் கைக்குத்தான் வந்தது. முடிவில் ஒரு புள்ளியால் வென்றார்கள். அம்மா தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதார். அப்பா இறந்ததற்கு அவர் முறையாக அழுதது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

வெற்றிக் கிண்ணத்தை அவர்கள் முதலில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்தார்கள். பிறகு ஒரேயடியாகக் கிணற்றடிக்குப் போய்க் குளித்தார்கள். ஒருவர் தலையில் ஒருவர் வாளியைக் கவிழ்த்து, சவர்க்காரத்துக்கு அடிபட்டு, அப்படி ஒரு சத்தம். "செத்த வீட்டிலை என்னடா கும்மாளம்?" என்று பெரியப்பா கத்தினார். "நீங்கள்தானே ஐயா முழுகச் சொன்னது!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இதற்கு ஒரு விலை இருந்தது. அதையும் எழுத வேண்டும். பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு வழக்கமாக வாசிப்பவர் துவாரகன் அண்ணாவின் தந்தையார். இந்த வருடம் அவரை அழைக்கவில்லை. "உங்கடை பெடியன் செய்த வேலைக்கு" என்று காரணம் சொன்னார்கள். என் அண்ணா குற்ற உணர்வோடு அதைப் பற்றிக் கேட்டபோது துவாரகன் அண்ணா சொன்ன பதில்: "அப்பாவுக்குக் கவலைதான். எனக்கும் கவலைதான். அதுக்காக நான் செய்தது பிழையெண்டு ஆகாது. கவலை வேறை, பிழை வேறை." இதை மட்டும் ஊரில் கதை சொல்லித் திரிகிறவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

மாரி தொடங்கியது. ஒழுங்கைகளில் தண்ணீர் நின்றது. துவாரகன் அண்ணாவுக்குக் காய்ச்சல் என்றார்கள். பிறகு ஆஸ்பத்திரி என்றார்கள். பிறகு நான் முதலில் எழுதிய அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது.

நானும் சாமி கும்பிடுகிறவள்தான். அதே பிள்ளையாரைத்தான் கும்பிடுகிறேன். பசித்தவர்களுக்கு ஒரு விதவைத் தாய் இடியப்பம் அவித்துக் கொடுத்ததற்காக டெங்கு நுளம்பை அனுப்பி ஒரு பிள்ளையைக் கொல்கிறவர் அவர் என்றால், அவருக்குத் தேங்காய் உடைப்பதில் எனக்குப் பயனில்லை. ஆனால் அவர் அப்படியானவரல்லர் என்றே நம்புகிறேன். அந்த மாதம் துவாரகன் அண்ணாவின் ஒழுங்கையில் காய்ச்சலில் கிடந்தவர்கள் பலர். அவர்களில் ஒருவரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்களல்லர். எங்கள் வீட்டில் சாப்பிட்ட மற்றவர்கள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. துடக்குத்தான் கொன்றது என்றால், துடக்குக் கையால் அவருடைய தட்டில் சொதி ஊற்றியவள் நான். முதலில் என்னைத்தான் சொல்ல வேண்டும். பெரியப்பா அதைச் சொல்வதில்லை, ஏனென்றால் துடக்குக் கொல்லாது என்று அவருக்கும் தெரியும். இரவில் நாய் ஊளையிட்டால் எனக்கும் அந்த எண்ணம் வருகிறது. வந்தாலும் அது பொய்.

இதை எழுதத் தொடங்கிய பிறகு, இரண்டு நாளைக்கு முன் பின்னேரம் எங்கள் படலைக்கு வெளியே ஒருவர் நின்றார். நான் முதலில் அடையாளம் காணவில்லை. சால்வை இல்லாமல், தாடியோடு, கறுத்துப் போயிருந்தார். துவாரகன் அண்ணாவின் தந்தையார். தன் மகனின் துடக்குக்குள் இன்னொருவர் வீட்டுக்கு வரக்கூடாது என்பது, கோயில் கோயிலாக வாசித்த அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அதனால் படலையைத் தொடாமல் நின்றார்.

"என்ன விஷயம்? அங்கையே நிண்டு சொல்லுங்கோ" என்றார் பெரியப்பா.

அம்மா நடந்துபோய்ப் படலையைத் திறந்தார். "உள்ளை வாங்கோ. உங்கடை பிள்ளை சாப்பிட்ட வீடு" என்றார்.

அவர் வந்து அப்பாவின் கதிரையில் இருந்தார். அம்மா கொடுத்த தேநீரைக் குடித்தார். அண்ணா அறையை விட்டு வெளியே வரவில்லை. நான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அண்ணா அவர் முகத்தைப் பார்க்காமல், "எல்லாம் என்னாலை" என்று தொடங்கினார். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"தம்பி, உம்மட்டை ஒண்டு கேக்க வேணும். ஆஸ்பத்திரியிலை கடைசியாக் கதைக்கேக்கை அவன் கேட்டவன், சாரங்கன் இடப்பக்கம் திரும்பப் பழகீற்றானோ எண்டு. எனக்கு உது விளங்கேல்லை. ரெண்டு தரம் கேட்டவன். நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன். அது உண்மையோ?"

அண்ணா நிமிர்ந்து பார்த்தார். வலப்பக்கமாகத்தான் திரும்பி எறிவார், இடப்பக்கம் வராது என்று துவாரகன் அண்ணா அவரோடு பருவம் முழுவதும் சண்டை பிடித்தது எனக்குத் தெரியும்.

"இல்லை ஐயா. இன்னும் வரேல்லை" என்றார் அண்ணா.

அவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். "அப்ப நான் பிள்ளைக்குப் பொய் சொல்லிப்போட்டன்" என்றார். போகும்போது படலையைத் தானே சாத்திவிட்டுப் போனார்.

அடுத்த நாள் விடிந்தபோது அண்ணாவின் பாய் சுருட்டி வைத்திருந்தது. வாசலில் சப்பாத்தைக் காணவில்லை. பெரியப்பா முற்றத்தில் வந்து நின்று, "எங்கை கொண்ணன்?" என்று கேட்டார். அம்மா குளித்துக்கொண்டிருந்தார். பதில் சொல்ல நான் மட்டும்தான் இருந்தேன்.

மலரில் எழுதுகிற எல்லோரும் துவாரகன் அண்ணாவைப் பயமறியாதவர் என்று எழுதுவார்கள். தயவுசெய்து அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். அன்று காலை நான் சொதி ஊற்றும்போது அவருடைய கையிலிருந்த தட்டு ஆடிக்கொண்டிருந்தது. சொதி விளிம்பால் வழிந்தது. அவருக்குத் தன் தந்தையாரின் கோயில் வாசிப்பும் தெரியும், சங்கத் தலைவரின் கோபமும் தெரியும், தோற்றால் ஊர் என்ன சொல்லும் என்பதும் தெரியும். நான் பார்ப்பதைக் கண்டு, மற்றவர்களுக்குக் கேளாமல், "கொஞ்சமா ஊத்துங்கோ தங்கச்சி. கை நிக்குதில்லை" என்றார். பிறகு எழுந்துபோய்ப் பெரியப்பாவுக்கு அந்தப் பதிலைச் சொன்னார். மற்றவர்கள் கேட்டது பதிலை. நான் பார்த்தது கையை. அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது அந்த நடுங்கிய கையைத்தான்.

இந்தக் கட்டுரையை நாளை பாடசாலைக்குப் போகும் வழியில் உதவித் தலைவரிடம் கொடுப்பேன். பெயர் போடாமல் வெளியிடலாம் என்று அவர் சொல்லியிருந்தார். வேண்டாம். சாரங்கனின் தங்கை ஆரணி, உரும்பிராய் என்று போடுங்கள்.

முற்றத்தில் நின்ற பெரியப்பா இரண்டாவது முறை கேட்டார். "எங்கையடி அவன்?"

எனக்குக் குரல் நடுங்கியது.

"இடப்பக்கம் திரும்பப் பழகப் போயிட்டார், பெரியப்பா. சனிக்கிழமை மட்ச்."